அடிவாங்கி கையெழுத்துப் போடவில்லை

அடி வாங்கிச் சம்பாதித்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கலாம். வாங்கிய அடி சரியில்லை என்று திருப்பி அனுப்பியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் எங்கள் அடிவாங்கி.

கேளம்பாக்கத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கண்ணை மூடுகிற பெட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆடுகிறார்களே, அந்த வி.ஆர். விளையாட்டுகளுக்கு ஜாக்கெட் செய்கிறோம். உள்ளே நாற்பது குட்டி மோட்டார்கள், நாலு காற்றுப்பைகள். விளையாட்டில் எதிரி சுட்டால், குண்டு பட்ட இடத்தில் ஜாக்கெட் அதிரும். எந்த இடம், எவ்வளவு வேகம், எத்தனை நேரம் என்று புரோகிராம் எழுதுவது என் வேலை.

அடிவாங்கி முதலில் எங்கள் ஆபீஸ் வேன் டிரைவர். ஐம்பதை நெருங்கிய வயது, பீரோ மாதிரி மார்பு. ஒருநாள் ஜாக்கெட்டை நாங்கள் யார் போட்டாலும் ஆணியில் மாட்டியது போல் தொங்கியது. கீழே டீ குடித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு மாட்டிவிட்டோம். கச்சிதம். நான் அவர் நெஞ்சில் ஒரு குண்டைப் பாய்ச்சினேன். ஆள் அசையவில்லை.

"சுட்டியா நைனா?"

"சுட்டாச்சுண்ணே."

"எப்போ?"

எங்கள் மேனேஜர் வித்யா மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளே அவரை டெஸ்டர் ஆக்கிவிட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் எந்த அடியும் வெளியே போகாது என்று உத்தரவும் போட்டார். அன்றைக்குப் போனது என் நிம்மதி. 'அடிவாங்கி' என்ற பெயர் எப்படியோ பரவி, கடைசியில் அவர் மனைவியே போன் செய்து, "அடிவாங்கி கீறாரா?" என்று கேட்கும் நிலை வந்தது.

ஒரு விளையாட்டில் காட்டெருமை முட்ட வேண்டும். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். போட்டுப் பார்த்தவர், "எரும முட்டல. கதவு இடிச்ச மாறி கீது" என்றார். சனி, ஞாயிறு வேடந்தாங்கல் பக்கம் தன் ஊருக்குப் போனவர், திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே வந்தார்.

"என்ன ஆச்சுண்ணே?"

"மச்சான் வூட்டு ஆட்டுக் கடா. எரும கெடைக்கல. நாமளே போய் குறுக்க நின்னுட்டேன். கேளு நைனா, வலி அப்பாலதான் வருது. மொதல்ல மூச்சு போவுது. நீ வலிய முன்னாடி வெச்சிருக்க."

ஒரு வாரத்து வேலையை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

அடுத்தது அலை. அதற்கு அவர் மட்டும் போயிருக்கலாம். "அனுபவிக்காத நீ இன்னா எழுதுவ?" என்று என்னையும் கோவளம் கடற்கரைக்கு இழுத்துப் போய், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்தார். மூன்றாவது அலையில் நான் குப்புற விழுந்தேன். சட்டைப் பையிலிருந்த போன் அன்றோடு சரி. நான் மண்ணைத் துப்பிக்கொண்டிருக்க, அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு நிதானமாகக் கேட்டார்:

"அடிச்சது பெருசா, திரும்பி இழுத்துகினு போச்சே, அது பெருசா?"

"இழுத்ததுதான்" என்றேன். வேறென்ன சொல்ல? உண்மை அது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஒரு கட்டிப்பிடிப்பில்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் தந்த வேலை. போருக்குப் போன வீரன் ஊர் திரும்புகிறான். துறைமுகத்தில் அண்ணன்காரன் அவனைக் கட்டிப்பிடிக்கிறான். வியாழக்கிழமை அவரே நேரில் வந்து பார்ப்பார். பிடிக்காவிட்டால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டால் எங்கள் டீமே இல்லை. நான் நாலு காற்றுப்பைகளையும் ஒன்றாக ஊத வைத்தேன். அடிவாங்கி போட்டுப் பார்த்துவிட்டு, "இது கட்டிப்புடிக்கல. பிரஷர் பாக்குது" என்றார்.

வித்யா மேடமே நேரில் வந்து நின்றார். "அண்ணே, நாள் இல்லை. கையெழுத்துப் போடுங்க."

"பொய்க்கு எப்டி மேடம் போடறது?"

"போடலைன்னா திரும்ப வேன்தான் ஓட்டணும்."

அவர் கோபப்படவில்லை. கையை நீட்டி, "சாவி எங்க கீது?" என்றார்.

எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. "உங்களைக் கடைசியா யார் கட்டிப்பிடிச்சாங்க? பெருசா சொல்ல வந்துட்டீங்க!" என்று கத்திவிட்டேன்.

நெடுநேரம் யோசித்தார். "வேன் ஸ்டாண்டுல ஒரு சண்ட. நான் ஒருத்தன அடிக்கப் போசொல்லோ, பின்னாலேர்ந்து ஒரு ஆளு புடிச்சான்" என்றார். பிறகு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் ரம்ஜான் விடுமுறை. புதன்கிழமை காலை அத்தர் மணக்க வந்து நின்றார்.

"கோவளத்துல படகு இன்ஜின் ரிப்பேர் பண்ற நம்ம பாய் வூட்டுக்குப் போனேன். தொழுக முடிஞ்சி வந்தவங்கோ அத்தினி பேரும் கட்டிப்புடிச்சாங்கோ. ஒவ்வொருத்தரும் மூணு தபா, தோள மாத்தி மாத்தி. மொதல் தபா பழக்கத்துக்கு. ரெண்டாவது மரியாதைக்கு. மூணாவது தபா முதுகுல ரெண்டு தட்டு தட்டிட்டு, வுடாம கொஞ்ச நேரம் வெச்சிகினு இருக்காங்கோ பாரு... அதான் நெஜம். நீ டக்குனு வுட்டுடற நைனா. லேட்டா வுடு."

சொல்லிவிட்டு, சந்தேகம் வேண்டாமென்று என்னை மூன்று முறை இறுக்கி விளக்கினார். விலா எலும்பு இரண்டு நாள் வலித்தது. அன்று முழுக்க எழுதினேன், பதினோரு முறை திருப்பி அனுப்பினார். ஆபீஸைப் பூட்டுகிற நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை வந்தவர் ஆறடி உயரம், சிரிக்காத முகம். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நின்றார். காட்சி முடிந்தது. பெட்டியைக் கழற்றவில்லை. மேடம் என் கையைக் கிள்ளினார். சற்றுப் பொறுத்து, இன்னொரு முறை போடச் சொன்னார். அதன் பிறகும் இன்னொரு முறை. ஒப்பந்தம் கிடைத்தது, எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். அடிவாங்கி மட்டும் காதருகே வந்து, "பரவால்ல. எடது தோளு மட்டும் கொஞ்சம் அவசரம்" என்றார்.

இரண்டு வருடம் கழித்து அவரே வேலையை விட்டார். "இப்பல்லாம் நீ ஒயுங்கா அடிக்கிற. எனக்கு இன்னா வேல?" என்று சொல்லி, தன் ஊர்ப் பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டப் போய்விட்டார்.

அவர் இடத்தில் இப்போது இரண்டு பட்டதாரிகள். மரியாதையானவர்கள். நான் என்ன எழுதிக் கொடுத்தாலும் முதல் தடவையிலேயே, "சூப்பர் சார்" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அழுகையாக வருகிறது.