காயாத கோட்டு

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம், உன் அண்ணி நலம், சலவைக்கடையும் நேற்றுக் காலைவரை நலமாகத்தான் இருந்தது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் இந்தக் கடிதம் கண்டதும் முதல் வண்டியில் புறப்பட்டு வந்து உன் அருமை மகளை அழைத்துப் போகவும்.

"வாயத் திறக்க மாட்டேங்கிறாண்ணா, எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் தரையையே பார்த்துட்டு வந்துடறா, உங்க கடையில இருந்தா நாலு மனுஷங்களப் பார்ப்பா" என்று சொல்லி அனுப்பினாயே, பார்த்தாள். நாலு பேரையும் விட்டுவிட்டுக் கைப்பேசியில் ஒரு நடிகையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மையாரின் உடைத் துணிச்சலை மெச்ச எனக்கு வார்த்தை போதவில்லை. விருது விழாவுக்கு ஒரே ஒரு கை வைத்த உடுப்பில் வந்தார், அந்த ஒரு கையும் தரையைக் கூட்டிக்கொண்டே வந்தது. இன்னொரு கைக்குத் துணி பற்றவில்லை போலிருக்கிறது என்று நான் பரிதாபப்பட்டால், "வேணும்னேதான் அப்படி, மாமா" என்கிறாள். அடுத்த விழாவில் உடம்பெல்லாம் இறகு. இதை எந்தத் தண்ணீரில் அலசுவது, எங்கே பிடித்து இஸ்திரி போடுவது என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன மாதம் ஓர் ஆண்பிள்ளைக் கோட்டை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தையலும் பையும் தொங்கத் தொங்க மேடையேறினார். ஊரே கைதட்டியது. நான் அப்படித் தெருவில் இறங்கினால் உன் அண்ணி வைத்தியரைக் கூப்பிடுவாள். போகட்டும், பார்ப்பதற்குக் காசா பணமா என்று விட்டுவிட்டேன்.

நேற்று அவளுக்கு நேர்காணல். நம் கடைக்குச் சீருடை மொத்தமும் வெளுக்கப் போடுகிற அலுவலகத்தின் மேலாளரிடம் நான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்தது. காலையில் அவர் போன் செய்து, "என் கறுப்புக் கோட்டு ரெடியா?" என்றார். கடையைத் தலைகீழாகப் புரட்டியும் கோட்டைக் காணோம். எங்கள் தொழிலில் துணி தொலைந்து போவதே இல்லை, காயாமல்தான் இருக்கும். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், "இன்னும் காயலைங்க சார்" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அங்கே அலுவலகத்தில் மனிதர் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். உன் மகள் உள்ளே நுழைகிறாள், அவருடைய கோட்டை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு. கழுத்தில் நம் கடை அடையாளச் சீட்டு வேறு ஆடுகிறது.

"இது யார் கோட்டும்மா?"

"உங்களுதுதான் சார்."

"காயலைன்னாரே உங்க மாமா?"

"அது முந்தாநாளே காஞ்சிருச்சு சார். உள்ள எவ்வளவு அழகா தைச்சிருக்காங்க பாருங்க. இத்தனை நாள் இதை ஒளிச்சு வெச்சிருக்கீங்களே சார்."

அதற்கப்புறம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னாளாம். முடிந்ததும் கோட்டைக் கழற்றி, நேராகத் திருப்பி, மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். இவ்வளவையும் அவளே சொன்னாள், குழம்பில் உப்பு குறைகிறது என்று நடுநடுவே குற்றமும் சொல்லிக்கொண்டு. அவள் பிறந்ததிலிருந்து இத்தனை பேச்சை நான் கேட்டதில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். ஆனால் சந்தோஷத்தை வைத்துக் கடை வாடகை கட்ட முடியாதே. அந்தச் சீருடையெல்லாம் இனி எதிர்க்கடைக்குத்தான். நீ வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடு, மிச்சமிருக்கிற வாடிக்கையையாவது நான் காப்பாற்றிக்கொள்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல், நேராகத் துணி உடுத்தி, நீண்ட காலம் வாழ வேண்டும்.

உன் பிரியமுள்ள அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது மேலாளர் போன் செய்தார். திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்று கேட்டேன். வேலை அவளுக்குத்தானாம். வந்தவர்களில் அவள் ஒருத்திதான் உண்மை பேசினாளாம், உங்கள் குடும்பத்தில் இது எப்படி என்று என்னையே கேட்கிறார். நீ புறப்பட வேண்டாம். திங்கட்கிழமை அவள் வேலைக்குச் சேர வேண்டும், போட்டுக்கொள்ள நல்லதாக ஒன்றுமில்லை. கடையில் தொங்குவதையெல்லாம் நானும் அவளும் புரட்டிப் பார்த்தோம். பல் டாக்டரின் சாம்பல் நிறக் கோட்டு, உள்பக்கம் பிரமாதம். சற்றுமுன் அவர் வந்து கேட்டார். இன்னும் காயவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.