டாக்டரும் ஹார்மோனிக்ஸும்

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல இருபத்தெட்டு வயதுவரை எனக்கு வாய் வந்ததில்லை. மெக்கானிக்கலில் முதல் வகுப்பு வாங்கியதன் பின்விளைவு அது. வழி கேட்டு நின்றவர்களை, நானே போயிராத ஊர்களுக்குத் தைரியமாக அனுப்பிவைத்திருக்கிறேன்.

டாக்டர் எனக்கு நேர் எதிர். கோயமுத்தூர் ஜில்லாவில் அவருடைய ஸ்க்ரூடிரைவர் தொட்டுப் பார்க்காத வஸ்து கிடையாது. தொண்ணூறுகளில் அன்னூர் ரோட்டில் நான் இன்ஜினியராக வேலை பார்த்த நூல் மில்லில் அவர் ஃபிட்டர். என்னைவிட ரெண்டு வயது மூத்தவர், படிப்பு ஐந்தாவது. ஓடும் மோட்டாரில் ஸ்க்ரூடிரைவர் முனையை ஊன்றி, மரப்பிடியைக் காதில் வைத்து, உள்ளே எந்த பேரிங் அழுகிறது என்று சொல்லிவிடுவார். அதனால்தான் டாக்டர்.

மெஷினோடு நிறுத்தியிருக்கலாம். சந்தையில் எருமையின் விலாவில் வைத்துக் கேட்டு உதை வாங்கினார். பஸ்ஸில் இன்ஜின் மூடிமேல் வைத்துக் கேட்டுவிட்டு, பல்லடம் போய்ச் சேராது என்றார். சேரவில்லை. ஜனங்கள் டிரைவரை விட்டுவிட்டு டாக்டரைத் திட்டினார்கள்.

கேட்டதையெல்லாம் கேள்வியாக்கி என்னிடம் கொண்டுவருவார். மழை நாளில் மெஷின் சத்தம் ஏன் மாறுகிறது என்று ஒருநாள் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

“அது ஹார்மோனிக்ஸ்” என்றேன்.

“அப்படின்னா என்னங்க சார்?”

“பெரிய சப்ஜெக்ட்.”

பயபக்தியோடு போனார். அன்றுமுதல் விளங்காத எதற்கும் அவருக்கு அதுதான் பெயர். மாமியார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினால்கூட, “ஹார்மோனிக்ஸுங்க” என்பார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஒரு திங்கட்கிழமை என்னைக் கம்ப்ரஸர் ரூமுக்குக் கூட்டிப்போனார். காற்றை அடைத்து வைக்கும் டேங்க், ஆள் உயரம்.

“டேங்கு முனகுதுங்க சார். ஒரு நாளைக்கு நிறுத்திப்போட்டுத் தொறந்து பாக்கோணும்.”

நிறுத்தும் அதிகாரம் எனக்கிருந்தது. நிறுத்தினால் பாதி மில் நிற்கும். மேனேஜர் காரணம் கேட்பார். ஸ்க்ரூடிரைவரை வாங்கிக் காதில் வைத்தேன். எனக்கு ஒரு எழவும் கேட்கவில்லை. அதைச் சொல்லியிருந்தால் போதும். நானோ பிரஷர் மீட்டரைப் பார்த்தேன்; முள் நல்ல பிள்ளையாக நின்றது.

“ஒண்ணுமில்லை. இதுவும் ஹார்மோனிக்ஸ்தான்.”

புதன்கிழமை டேங்க் வெடித்தது. அந்த நேரத்தில் டாக்டருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இந்த ஹார்மோனிக்ஸ் எப்படித்தான் இருக்கும் என்று இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கப் போயிருக்கிறார். வாசலுக்குள் கால் வைக்கும்போது வெடித்திருக்கிறது. ஆளைத் தூக்கி வெளியே எறிந்ததில் உயிர் தப்பியது. காதுகள் தப்பவில்லை. இரண்டிலும் ஜவ்வு கிழிந்து, உள்ளேயிருக்கும் சின்ன எலும்புகளும் நொறுங்கிவிட்டன. பழையபடி கேட்பது சந்தேகம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் சாத்துக்குடிப் பையோடு போய் நின்றேன். தலையைச் சுற்றிக் கட்டு. அவர் சம்சாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, முனையைக் கட்டில் கம்பியில் ஊன்றிக் கண்ணை மூடியிருந்தார். பிடுங்கப் பார்த்த நர்ஸிடம், “மேல சுத்தற காத்தாடி மோட்டாரு கேக்குதுங்க” என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாராம்.

நான் தலை குனிந்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. பிடியைக் கடித்தபடியே ஸ்க்ரூடிரைவர் முனையை என் தாடையில் வைத்து, சொல்லச் சொல்லி ஜாடை காட்டினார். மறுபடி சொன்னேன்.

“சத்தம் வருதுங்க சார், சேதி வரலீங்க” என்று பிடியை எடுத்துச் சொல்லிவிட்டு மறுபடி கடித்துக்கொண்டார்.

எனவே மூன்றாம் முறை, வார்டு முழுக்கக் கேட்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். டேங்கில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹார்மோனிக்ஸ் என்று சும்மா சொன்னேன்.

பிடியை வாயிலிருந்து எடுத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

“அது கெடக்குதுங்க. காது போனப்புறமும் பல்லு வழியாக் கேக்குதே, அது ஏனுங்க?”

மறுபடி அவரே பிடியைக் கடித்து, முனையை என் தாடைக்குக் கொண்டுவந்தார். கண்ணில் அதே பழைய ஆவல்.

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.

டாக்டர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அவர் சம்சாரம் ஒரு சாத்துக்குடியை உரித்துப் பாதியை அவரிடமும் பாதியை என்னிடமும் கொடுத்தார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

“இதைய திங்கக்கெழமையே சொல்லிப்போட்டிருக்கலாமுங்களே.”