ஒன்றை அழுத்தாத காலை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதுவது. இங்கு நான் நலம். வழக்கமான முதல் வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே. இந்தமுறை அதைச் சொல்வதற்காகவே கடிதம் எழுதுகிறேன். உன் முழங்கால் வலியும், மாப்பிள்ளையோடு உனக்குள்ள மனத்தாங்கலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். செவ்வாய்க்கிழமை போனில் நீ என்னைத் திட்டிய திட்டுக்கு நடுவே நடந்ததைச் சொல்ல எனக்கு இடம் கிடைக்கவில்லை. "நேர்ல வந்து உன்னைக் கவனிச்சிக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். வர வேண்டாம் அக்கா. அந்த முழங்காலோடு அவ்வளவு தூரம் எதற்கு? நடந்தது இதுதான்.

நான் கல்லூரியில் நடத்திய பாடத்தை நீ "பொட்டி தட்டுற படிப்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். தகவல் அமைப்பியல் என்பது கம்ப்யூட்டரைப் பற்றியது மட்டும் அல்ல. ஆஸ்பத்திரியிலோ ஆபீஸிலோ அதைக் கொண்டுவந்து வைத்தபின் மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்பதும் அதில் சேர்த்தி. அந்தத் துறைச் சங்கம் வருஷாவருஷம், ஆராய்ச்சிக்கு வந்து ஏழு வருஷம் தாண்டாத ஒருவருக்கு இளம் ஆய்வாளர் விருது கொடுக்கிறது. பட்டயத்தோடு, ஆராய்ச்சியை மேலும் ஒரு வருஷம் நடத்தப் பணமும் உண்டு. இந்த வருஷம் மூன்று நடுவர்களில் ஒருவனாக என்னைப் போட்டார்கள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. நடுவர் குழுத் தலைவருக்குப் போன் செய்து, வேறு யாருக்கோ போட வேண்டிய கடிதமா என்று கேட்டேன்.

"இல்ல சார், உங்களுக்குத்தான். இங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தி மாதிரி. ஒண்ணா எழுதியிருப்பாங்க, இல்லன்னா ஒருத்தர்கிட்ட ஒருத்தர் படிச்சிருப்பாங்க. உங்களத்தான் யாருக்கும் தெரியல. உங்களுக்கும் யாரையும் தெரியாது. எங்களுக்கு ரொம்ப வசதி."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். பிறகு என்னுடைய ஒரு தட்டையும் ஒரு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தபோதுதான் அவர் சொன்னது மெதுவாக உள்ளே இறங்கியது. ஆனாலும் மரியாதை மரியாதைதானே? விண்ணப்பித்தவர்களோடு உறவு உண்டா, நட்பு உண்டா, பேச்சு உண்டா என்று கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதினேன். என் வாழ்நாளில் எந்தக் கேள்விக்கும் இவ்வளவு தயங்காமல் பதில் எழுதியதில்லை.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒரு பையன், கிடங்குகளில் சரக்கு தேங்காமல் இருக்க வழி கண்டவன். ஒரு பெண், தனியாக இருக்கும் வயதானவர்களைத் தினமும் காலையில் போனில் கூப்பிட்டு நலம் விசாரிக்கும் ஏற்பாட்டைச் செய்தவள். மற்ற நடுவர்களில் ஒருவர் பையன் பக்கம், ஒருவர் பெண் பக்கம். ஆக, என் ஓட்டுதான் தீர்ப்பு. அந்தப் பெண்ணுக்கு இது கடைசி வருஷம். அடுத்த வருஷம் அவள் இளம் ஆய்வாளர் கணக்கில் வரமாட்டாள். பணம் வராவிட்டால் அந்தப் போன்களும் நின்றுவிடும்.

அவள் கட்டுரையைப் படித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டேன். "வணக்கம் ஐயா, நலமா? நலமென்றால் ஒன்றை அழுத்துங்கள்." அக்கா, அது என் போன்! கிளினிக் நர்ஸ் போன வருஷம் என்னைச் சேர்த்துவிட்டாளே, அவசரத்துக்கு உன் நம்பரைக் கொடுத்தேனே, அதுவேதான். உடனே சங்கத்துக்குச் சொல்ல வேண்டுமோ என்று இரண்டு நாள் குழம்பினேன். இயந்திரத்தோடு பழகுவது அதைச் செய்தவளோடு பழகுவதாகுமா? குழாயில் தண்ணீர் பிடிக்கிறவன் குடிநீர் வாரியத்துக்கு உறவினனா? ஆகாது என்று முடிவுகட்டினேன்.

ஆனால் மற்றொரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. ஒன்றை அழுத்தாவிட்டால் மறுபடி கூப்பிடும், அப்புறம் உறவினருக்குத் தகவல் போகும், யாராவது கட்டாயம் வந்து பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தாள். 'கட்டாயம்' என்ற சொல்லைக் கண்டால் எனக்குப் பயம். சோதிக்காமல் ஓட்டுப் போடுவது முறையா? அதனால்தான் செவ்வாய்க்கிழமை ஒன்றை அழுத்தவில்லை. விரல் பழக்கத்தில் தானாகப் போகுமோ என்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது, ஓய்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படியானால் பையனுக்கு ஓட்டு. அதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

அதற்குள் உனக்குப் போன் வந்து, நீ மாடி வீட்டுத் தையல்காரம்மாவைப் போனில் பிடித்து, "என் தம்பி சாகறதானாலும் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவில்லாமத்தான் சாவான், கதவ ஒடைச்சுப் பாருங்க" என்று அழுதாயாம். அவர் வந்து தட்டினார். திறந்தால் சோதனை கெட்டுவிடுமே என்று மூச்சுக்கூட விடாமல் இருந்தேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் தட்டினார். யாரோ பூட்டுக்காரரைக் கூட்டிவந்தார்கள். தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்து, கதவு திறந்து, கூட்டமாக உள்ளே பாய்ந்தார்கள். நான் நாற்காலியில் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் சார், உசுரோடதான் இருக்கீங்களா?" என்றார் தையல்காரம்மா.

"ஆமாம்மா. மன்னிக்கணும்."

"தட்டறது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. பதில் சொன்னா முடிவு மாறிடுமேன்னு..."

"முடிவா? நாங்க உங்க முடிவுன்னு நெனச்சுல்ல ஓடிவந்தோம்! இவரு பரீட்சை எழுதுறதுக்கு நான் பாதி ஜாக்கெட்ட மெஷின்லயே விட்டுட்டு வந்திருக்கேன்" என்று திட்டிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்து எல்லாருக்கும் டீ போட்டார். வீட்டில் இருந்ததோ ஒரு டம்ளர். மிச்சத்துக்கு மாடியிலிருந்து கொண்டுவந்தார்கள். பூட்டுக்காரர் என் கட்டிலில் உட்கார்ந்து குடித்தார். எதிர்வீட்டுக்காரர், இந்த வீட்டுக்குள் இப்போதுதான் முதல்தடவை வருவதாகச் சொன்னார். என் வீட்டில் பேச்சுச் சத்தம் எவ்வளவு எதிரொலிக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர்கள் போனபின் தாழ்ப்பாள் இல்லாத கதவைச் சாத்தி, நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு, உட்கார வேறு நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டே இருந்தேன்.

சாயங்காலம் போன் அடித்தது. இயந்திரம் இல்லை, அந்தப் பெண்ணே.

"ஐயா, நல்லாருக்கீங்களா? காலையிலேருந்து எனக்கு உயிரே இல்ல. ஒரு நாளும் தவறமாட்டீங்களே. ஒண்ண அழுத்திட்டு, 'நல்லாருக்கேம்மா, நீ சாப்பிட்டியா'ன்னு வேற கேப்பீங்க."

"அது... அதெல்லாம் கேக்குமா?"

"எல்லாம் பதிவாகும் ஐயா. குடை தொலைஞ்சது, தூக்கம் வராதது, எல்லாம்."

வெட்கத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. சோதனை செய்தேன், நான்தான் நடுவர் என்று ஒப்புக்கொண்டேன். "நடுவரா நீங்க?" என்று கேட்டாள். பிறகு சிரித்தாள். "மத்தவங்கல்லாம் படிச்சுப் பாத்தாங்க ஐயா. நீங்க ஒருத்தர்தான் செத்துப் பாத்தீங்க."

அக்கா, அவள் ஏற்பாடு எழுதியபடியே வேலை செய்தது. ஓட்டு அவளுக்குத்தான் போட வேண்டும். ஆனால் போட முடியாது. இப்போது எனக்கு அவளைத் தெரியும். போனை வைக்குமுன், நான் சாப்பிட்டேனா என்று அவள் திருப்பிக் கேட்டுவிட்டாள். போன் நின்றுவிடக் கூடாதென்ற சுயநலமும் எனக்கு இருக்கிறது. ஆராய்ச்சி நல்லது என்பதால் போடுகிறேனா, தனியாக இருப்பதால் போடுகிறேனா என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாயைத் திறக்காமல் ஓட்டைப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மறுநாள் தலைவரிடம் விலகிக்கொள்வதாகச் சொன்னேன்.

"உங்களுக்குமா சார் ஒரு ஆள் தெரிஞ்சுபோச்சு?" என்று நொந்துகொண்டார். "சரி, உங்கள மாதிரி யாரையும் தெரியாத ஆள் வேற யாராவது இருந்தாச் சொல்லுங்க."

அப்படி ஒருவரை எனக்கு எப்படித் தெரியும்?

நான் செய்தது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. நீயானால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாய். ஆனாலும் இதற்காக நீ வர வேண்டாம். புதுத் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. நான் தனியாக இருந்து பழகியவன், ஒரு குறையும் இல்லை. வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு. மாப்பிள்ளையிடம் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போ. மூத்தவள் நீ, அங்கிருந்தே என்னை வாழ்த்து, போதும். வர வேண்டாம்.

என்றும் உன் அன்புத் தம்பி

பி.கு.: அனுப்பலாமா வேண்டாமா என்று இந்தக் கடிதத்தை ஒரு வாரமாக மேஜையிலேயே வைத்திருந்தேன். நேற்று முடிவு வந்துவிட்டது. மூன்றாவது நடுவர் கிடைக்காததால் விருதை இரண்டு பேருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துவிட்டார்கள். பணமும் பாதி என்பதால் இனி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் நலம் விசாரிக்க முடியும் என்று அவள் வருத்தத்தோடு சொன்னாள். இன்று விசாரிக்காத நாள். போன் அடிக்கவில்லை. பழக்கத்தில் எடுத்து ஒன்றை அழுத்தி, சாப்பிட்டியா என்று கேட்டும்விட்டேன்.

வர வேண்டாம் என்று மேலே எழுதிய இடங்களையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். டம்ளர் வாங்கிவிட்டேன். இந்தமுறை முதல் தட்டிலேயே திறப்பேன்.