பதின்மூன்றாம் நம்பர் கம்பி

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், என் மனைவி அந்தோணி மேரி, இரண்டு. மகன், மருமகள், அன்று காலைப் பூசையில் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, வாங்கிய பேத்தி, ஐந்து. மச்சினிச்சி ரோஸி மேரி, அவள் வீட்டுக்காரர், அவள் மகன் ஆரோக்கிய பிரகாஷ், எட்டு. பக்கத்து வீட்டுப் பச்சையப்பன், அவர் மனைவி கலியம்மாள், பத்து. கரிக்கலாம்பாக்கத்திலிருந்து சம்பந்தி வீட்டார் நான்கு பேர், பதினான்கு. கோயில் பாடகர் குழுவில் பாடும் பெண்கள் ஐந்து பேர், பத்தொன்பது. கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார், இருபது. பங்குச் சாமியாரும் வந்தார். நின்றபடியே அரைக் கிண்ணம் பாயசம் குடித்துவிட்டு, இன்னும் நான்கு வீடு இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். ஆகவே ஆள் கணக்கில் அவர் வரமாட்டார். கிண்ணக் கணக்கில் வருவார்.

வாழையிலை போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. "மேசை போட்டு சாப்புட்றவங்களுக்கு எலை எதுக்குங்க? தட்டு போதும்" என்றாள் மேரி. அப்போது நான் ஒன்றும் சந்தேகப்படவில்லை.

நாற்பத்தொரு வருஷமாக எங்கள் ஊர் மாதா கோயிலில் நான் கித்தார் வாசிக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கித்தார் நிற்கவில்லை. நாலு பேர் முன்னால் நிற்க எனக்குக் கூச்சம். கித்தாரைப் பிடித்துக்கொண்டால் பாதி உடம்பு மறைந்துவிடும். அது ஒரு வசதி.

இன்னொரு வசதியும் அதில் இருந்தது. கல்யாணமான மூன்றாம் வருஷம் மகன் பிறந்தபோது பன்னிரண்டு நாள் நான் பாத்திரம் தேய்த்தேன். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் என் இடது கை விரல் நுனியெல்லாம் ஊறிப்போய், கம்பி சரியாக அழுந்தாமல், இரண்டு இடத்தில் 'டொக்கு' விழுந்தது. அன்றே வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். கித்தார் வாசிக்கிறவனின் விரல் நுனி காய்த்துப் போயிருக்க வேண்டும். தண்ணீரில் ஊறினால் காய்ப்பு இளகிவிடும். ஆகவே நான் பாத்திரம் தேய்க்கக் கூடாது. விழுந்தது இரண்டே டொக்கு. அதை வைத்து முப்பத்தேழு வருஷம் ஓட்டினேன்.

மேரி சும்மா விட்டுவிடவில்லை.

"எடது கைதான அழுத்துது? வலது கையால தேய்ங்க."

"ஒத்தக் கையால எப்பிடி மேரி தேய்க்கறது?"

ஒருமுறை தவளக்குப்பத்தில் ரப்பர் கையுறை வாங்கி வந்து நீட்டினாள். உள்ளே வேர்வையில் ஊறும் என்றேன். அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் இப்போது அவள் கள்ளிச்செடி வெட்டுகிறாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் போன ஏப்ரலில் ஒரு நெருக்கடி. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் காசம்மாள், மகள் பிரசவத்துக்காகச் செலியமேட்டுக்குப் போய்விட்டாள். மேரி என் இடது கையை அடிக்கடி பார்க்க ஆரம்பித்தாள். விருந்துக்கு முதல் நாள் கோழியைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

சட்டத்தை இறுக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். எப்படி? கம்பியை இறுக்கினால் போதும்.

பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போனேன். பதினோரு கிலோமீட்டர். கித்தார்க் கடையில் கேட்டேன்.

"இருக்கறதுலியே தடியான கம்பி எது?"

"யாருக்கு ஐயா? பேரனுக்கா?"

"எனக்கு."

அவர் என் விரல்களைப் பார்த்தார். "பத்தாம் நம்பர் போடுங்க. மெத்துன்னு அழுந்தும். வயசானவங்க எல்லாம் அதத்தான் கேக்கறாங்க."

அந்த நம்பர் ஆறு கம்பிகளில் மெல்லியதன் தடிமன். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் பத்துப் பங்கு. நான் வழக்கமாகப் போடுவது பன்னிரண்டு.

"சத்தம் எப்பிடி வரும்?"

"பத்துன்னா கொஞ்சம் ஒல்லியா வரும். பதிமூணு போட்டா கோயிலே முழங்கும். ஆனா தடிக் கம்பிய அதே சுதிக்குக் கொண்டார ரொம்ப முறுக்கணும். முறுக்குனா கித்தார் கழுத்து வளையும். கம்பி பலகைய வுட்டு மேல எழும்பிடும். அழுத்தறதுக்குள்ள வெரலு போயிடும் ஐயா."

விரல் போய்விடும்! இதைக் கேட்கத்தானே பதினோரு கிலோமீட்டர் வந்தேன்.

"பதிமூணு குடுங்க" என்றேன்.

வீட்டில் கம்பியை மாட்டிக்கொண்டிருந்தபோது மேரி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, வேலி கட்டற கம்பியா?"

"பதிமூணாம் நம்பரு. கீபோர்டு வந்ததுலேர்ந்து என் கித்தார் யாருக்குங் கேக்கல. இனிமே கேக்கும். ஆனா இதுக்கு வெரலு இரும்பா இருக்கணும். ஒரு சொட்டு தண்ணி படக்கூடாது."

"குளிக்கறது?"

"கையத் தூக்கிக்குவேன்."

"சரிங்க" என்றாள் மேரி.

நாற்பது வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றது அது நான்காவது தடவை. முந்தின மூன்று தடவையும் எனக்குத்தான் நஷ்டம். அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

முதல் நாள் ஒத்திகையில் கித்தார் முழங்கியது. அடித்தொண்டைச் சத்தம். பிரகாஷின் கீபோர்டு இருக்கிற இடம் தெரியவில்லை. பாடுகிற பெண்கள் ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

இரண்டாம் நாள் பெருமை குறைந்தது. முன்பெல்லாம் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பத்து ரூபாய்க் காசுதான் நுழையும். இப்போது இரண்டு காசு நுழைந்தது. ஆறு கம்பியையும் ஆட்காட்டி விரலால் சேர்த்து அழுத்த வேண்டிய 'எஃப்' கார்டு என்ற சுரச் சேர்க்கை வரும்போதெல்லாம் மூன்று கம்பி பேசியது, மூன்று கம்பி ஊமையானது. மூன்றாம் நாள் விரலில் கம்பித் தடம் கறுத்துவிட்டது. நான்காம் நாள் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஒன்பதாம் நாள், புதன்கிழமை, கித்தாரைத் துணியில் சுற்றிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் ஆரோக்கிய பிரகாஷ் வீட்டுக்குப் போனேன். அவனிடமும் ஒரு கித்தார் உண்டு.

"டேய் பிரகாஷ், பத்தாம் நம்பர் கம்பி ஒரு செட்டு இருக்குதா?"

"இருக்குது பெரிப்பா. ஏன், வெரலு போச்சா?"

"வெரலுக்கு ஒன்னும் இல்ல. கித்தாருக்கு வயசாச்சி, பாவமா இருக்குது. மாட்டிக் குடு. யாருகிட்டயும் சொல்லாத. முக்கியமா ஒன் பெரிம்மாகிட்ட."

"சத்தியமா சொல்லமாட்டேன் பெரிப்பா."

வெண்ணெயில் விரல் வைத்ததுபோல அழுந்தியது பத்தாம் நம்பர். சத்தம் ஒல்லிதான். ஆனால் ஆறு கம்பியும் பேசின. வீட்டுக்கு வந்து மேரிக்கு எதிரே விரலை ஊதிக்கொண்டேன். பேத்தி புதுநன்மை வாங்கிய ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஊதிக்கொண்டேன். ஐந்து பாட்டு, ஐந்து ஊதல்.

அன்று மதியம் பிரியாணி முடிந்தது. கொல்லைக் குழாயடியில் பாத்திரம் சேர்ந்துவிட்டது. தட்டு இருபது. தண்ணீர் டம்ளர் இருபது. பாயசக் கிண்ணம், சாமியாரைச் சேர்த்து, இருபத்தொன்று. கரண்டியும் ஸ்பூனும் பதினேழு. அண்டா, குண்டான் வகையில் ஒன்பது. மொத்தம் எண்பத்தேழு. மேரி தனியாக உட்கார்ந்து கிண்ணத்திலிருந்து ஆரம்பித்தாள். மருமகள் உதவிக்கு எழுந்து போனபோது, "நீ குந்தும்மா, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டாள். இதையும் நான் யோசித்திருக்க வேண்டும்.

கூடத்தில் நான் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு சம்பந்திக்குக் கம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மாமா, அக்கா ஒண்டியா தேய்க்குது. போயி கூடமாட கை குடுக்கறது" என்றாள் ரோஸி மேரி.

"ஆறு மணிக்குக் கோயில்ல ஆசீர் ஜெபம் இருக்குது. நான் வாசிக்கணும். கை தண்ணியில படக்கூடாது."

பச்சையப்பன் நெல் விளைவிக்கிறவர். அவருக்கு இது புரியவில்லை. "நாங்க நாளெல்லாம் சேத்துல ஊறிக்கினு கெடக்கறோம், கை காப்புக் காய்க்குது. உனக்கு மட்டும் எப்பிடி கில்பர்ட்டு மெத்துன்னு ஆவுது?"

"இது பதிமூணாம் நம்பர் கம்பி பச்சையப்பா. ஊறுன கை வச்சா தோலுதான் அறுந்து போவும்."

"அடேங்கப்பா" என்றார் சம்பந்தி.

எனக்குக் கூச்சம் போய்விட்டது. நாற்பத்தொரு வருஷத்தில் அப்படிப் போனது அதுதான் முதல் தடவை. அந்த நேரம் பார்த்து மேரி கொல்லை வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையிலும் தண்ணீர் சொட்டியது.

"ஊறுன கை வச்சா சத்தமே வராதுங்களா?"

"வராது."

"ஒரு கம்பிகூட?"

"ஒரு கம்பிகூட."

"வந்துட்டா?"

"வந்துட்டா மிச்சப் பாத்திரம் எல்லாத்தையும் நானே தேய்க்கறேன்!"

"உபதேசியாரே, கேட்டுக்கினீங்களா?"

"கேட்டுக்கினேன்" என்றார் உபதேசியார்.

மேரி முந்தானையில் கையைத் துடைத்தாள். விரல் நுனி பத்தும் வெளுத்து, ஊறவைத்த திராட்சைபோலச் சுருங்கியிருந்தன. வந்து என் மடியிலிருந்து கித்தாரை எடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கையின் இரண்டு விரலை இரண்டு கம்பிமேல் வைத்து, வலது கைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தாள்.

ஈ மைனர் கார்டு. இரண்டே விரல் போதும் அதற்கு. ஆறு கம்பி, ஆறு சத்தம். நான் எண்ணினேன். ஒன்றுகூட ஊமையாகவில்லை.

பெண்கள் ஐந்து பேரும் கை தட்டினார்கள். பேத்தி, "ஆயா, இன்னொரு தடவ!" என்று குதித்தது. மேரி இன்னொரு தடவையும் இழுத்தாள்.

"இன்னா கில்பர்ட்டு, பதிமூணாம் நம்பருன்னு சொன்ன?" என்றார் உபதேசியார்.

நான் வாயைத் திறந்தேன். இது பத்தாம் நம்பர் கம்பி, யார் தொட்டாலும் பேசும் என்று சொன்னால், சம்பந்தி முன்னால் நான் பொய்யன். காலையில் ஊதிய ஐந்து ஊதலும் பொய். பதின்மூன்றுதான் என்று சொன்னால், ஊறிய கை தடிக் கம்பியைக்கூட வாசிக்கும் என்று ஆகிறது. முப்பத்தேழு வருஷச் சட்டம் போச்சு. கதவு இரண்டு. இரண்டிலும் மேரி நின்றாள்.

"சொல்லுங்க. எத்தினாம் நம்பரு?" என்றாள், மிகவும் மரியாதையாக.

பிரகாஷ் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதிமூணு" என்றேன்.

"அப்ப வாங்க."

குழாயடியில் முக்காலியைப் போட்டு, என் கையில் கம்பி நாரைக் கொடுத்தாள். "இதுவும் கம்பிதாங்க. மெல்லிசு. கைய ஒன்னும் பண்ணாது."

"அந்தப் பய சொல்லிட்டானா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவன் ஒன்னுஞ் சொல்லல, பாவம். நீங்க நம்ம கரும்புத் தோட்டத்துக்குப் போனப்ப, நான் அவன்கிட்ட ஒரு கார்டு சொல்லிக் குடுடான்னேன். சொல்லிக் குடுத்தான். மூணு நாளு வாசிச்சேன்."

"அப்ப கம்பி மாத்துனது எப்பிடித் தெரியும்?"

"நாப்பது வருசமா இந்த அடுப்பங்கரையில குந்திக்கினு ஒங்க கித்தாரத்தான கேக்கறேன்? தடிக் கம்பி அண்டாவ கவுத்துத் தட்டனாப்புல தொம்முன்னு முழங்கிச்சி. நல்லாத்தான் இருந்திச்சி. புதன்கெழம சாயங்காலத்துலேர்ந்து டம்ளர்ல ஸ்பூன் போட்டாப்புல கிலுகிலுன்னுது. எனக்குக் காது இல்லியா?"

"அன்னிக்கே கேக்கறதுதானே?"

"அன்னிக்கி எட்டுப் பாத்திரந்தான் இருந்திச்சி."

அவள் ஏற்கெனவே தேய்த்தது கிண்ணம் இருபத்தொன்று. எண்பத்தேழில் அது போக அறுபத்தாறு. நான் தட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஒழுங்காகத் தேய்க்க வேண்டும் என்பது என் வழக்கம். ஒரு தட்டுக்கு உள்பக்கம் எட்டுச் சுற்று, வெளிப்பக்கம் நான்கு சுற்று. உள்ளே பேத்தி கித்தாரை இழுத்து இழுத்துச் சிரிப்பதும், பச்சையப்பன், "எங்க, நான் ஒரு தடவ பாக்கறேன்" என்பதும் கேட்டன. அவர் கைக்கும் அது பேசியது.

பதினான்காவது தட்டைக் கவிழ்த்தபோது மேரி மறுபடியும் வாசலில் வந்து நின்றாள். கையில் பெரிய தாம்பாளம்.

"சம்மந்தி கெளம்பறாங்களாம். காபி போட்டுக் குடுத்தேன். பாப்பாவுக்கு மட்டும் பாலு. எல்லாரும் குடிச்சிட்டாங்க. ஒங்களுக்குத்தான் போடல. ஈரக் கையோட எப்பிடிக் குடிப்பீங்க?"

தாம்பாளத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். எண்ணிப் பார்த்தேன். டம்ளர் பத்தொன்பது.

அறுபத்தாறில் ஆரம்பித்தேன். பதினான்கு தேய்த்தேன். மிச்சம் எழுபத்தொன்று.