முகத்திருத்தக் குழுவின் அரும்பணி

உலகம் எத்தனையோ புரட்சிகளைக் கண்டிருக்கிறது. ஆயினும், ஒரு பெண்ணின் முகப் பருவை ஒழிக்க ஒரு நிறுவனமே திரண்டெழுந்த வீர வரலாறு எங்கள் அலுவலகத்துக்கு மட்டுமே உரியது. அந்த ‘முகத்திருத்தக் குழு’வில் நானும் ஓர் உறுப்பினன்!

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணுக்கு முகம் நிறையப் பரு. நிறுவனத் தலைவரின் வருகையோ நெருங்கியது. அதற்குள் முகம் தெளியாவிட்டால் அவளைப் பின்புறக் கிடங்குக்கு மாற்றுவதென மேலாளர் திருவாய் மலர்ந்தார். அவள் தோல் மருத்துவரிடம் ஓடினாள். பருவுக்கான ரெட்டினாய்டு களிம்போடு திரும்பினாள்.

“ராத்திரி மட்டும் போடணும் சார். முகம் முழுக்கச் சேர்த்தே ஒரு பட்டாணி அளவுதான். முதல்ல ஒருநாள் விட்டு ஒருநாள். பகல்ல வெயில் படக் கூடாது. தெளிய மூணு மாசம் ஆகுமாம்.”

“மூணு மாசமா?” மேலாளர் புருவம் உயர்த்தினார். “ஒரு ஆள் மூணு மாசம் பார்க்கிற வேலையை, மூணு ஆளைப் போட்டு ஒரே மாசத்துல முடிக்கிறவங்கம்மா நாம!”

“இது களிம்பு சார், ஆள் இல்ல.”

“எதிர்த்துப் பேசாதே. டாக்டர் என்ன, நிர்வாகம் படிச்சவரா?”

குழு கூடியது. பட்டாணிக்கு ‘எலுமிச்சை’யாகப் பதவி உயர்வு அளிக்கப்பட்டது. இரவில் அலுவலகம் இயங்காது. எனவே கண்காணிப்பின் பொருட்டு, தினமும் காலையில் என் முன்னிலையில் களிம்பு பூசப்பட்டது. புத்தொளி பரவட்டும் என்று மேசையை வாசல் வெயிலுக்கு நகர்த்தினோம். அவள் மறுத்தபோது, மேலாளர் கிடங்குச் சாவியை மெல்ல ஆட்டிக் காட்டினார். அவள் வெயிலில் போய் உட்கார்ந்தாள். ஜனநாயகம் வென்றது.

வாரம் முடிவதற்குள் முகம் சிவந்தது, எரிந்தது, உரிந்தது.

“என்னம்மா இது, வெந்த மாதிரி?” மேலாளர் அதிர்ந்தார். “உன் மூஞ்சியையே உனக்குப் பார்த்துக்கத் தெரியலையே!”

‘பொறுப்பின்மை’க்காக அன்றே கிடங்கு.

அங்கே வெயிலும் இல்லை, குழுவும் இல்லை. மருத்துவர் சொற்படி களிம்பை நிறுத்தித் தோலை ஆறவிட்டாள். பிறகு பழைய பட்டாணியிலிருந்து தொடங்கினாள். காய்ந்த இடத்துக்கு ஈரப்பசை தரும் கிரீம் தடவிக்கொண்டாள். சில மாதங்களில் முகம் தெளிந்தது. தலைவரின் வருகை, வழக்கம்போல், அதுவரை ஒத்திப்போடப்பட்டே வந்தது.

செய்தி எட்டியதும் மேலாளர் என்னுடன் கிடங்குக்கு எழுந்தருளினார்.

“பார்த்தியா, நம்ம குழுவோட உழைப்பு! மேசை காலியாத்தான் இருக்கு. வாம்மா.”

“வேணாம் சார். இங்க இத்தனை மூட்டை இருக்கு. ஒண்ணுகூட என் மூஞ்சியைப் பத்திப் பேசினதில்ல.”

அடுத்த கூட்டத்தில் குழுவுக்குப் பாராட்டுத் தீர்மானம் வந்தது. ‘மூட்டைகளுக்கு உள்ள நாகரிகம் நமக்கு இல்லை’ என்று நான் ஒரு திருத்தம் முன்மொழிந்தேன்.

வழிமொழிய ஆளில்லை.