கிண்ணத்தில் ஓடிய பயம்

வெள்ளவத்தையில் அந்த மாதம் அதிகக் கூட்டம் கடற்கரையில் இல்லை. பயம் போக்கும் சுந்தரலிங்க சுவாமியின் மாடிப்படியில். பாடசாலை நீச்சல் போட்டி நெருங்கியிருந்தது. தொப்பியும் நீச்சல் கண்ணாடியும் போட்ட பிள்ளைகள், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத படிகளில் வரிசையாக நின்றார்கள். போட்டிக் கோலத்தில் வந்தால்தான் பயம் வெளியே வருமாம்.

நானும் மகளோடு நின்றேன். நான் பட்டதாரி.

பிள்ளை கிண்ணத்தைப் பிடிக்கும். சுவாமி கற்பூரத் தூளைத் தண்ணீரில் தூவுவார். தூள் தறிகெட்டு ஓடும். "பாருங்கோ, பயம் ஓடுது!" தன் தலையைத் தடவி யோசிப்பார். விரலால் தண்ணீரைத் தொடுவார். தூள் நின்றுவிடும். பிறகு பிள்ளையின் கையில் நூல். போன வருடம் ஒரே பந்தயத்தில் எட்டுப் பேருக்கும் அந்த நூல். தங்கப் பதக்கம் ஏனோ ஒன்றுதான் கொடுத்தார்கள்.

என் மகள் டெனிஷாவின் முறையில் மட்டும் அவர் தன் தலையைத் தடவவில்லை. தண்ணீரைத் தொட்டார், தூள் நிற்காமல் ஓடியது.

"தம்பி, செத்த தாய் தண்ணிக்குள்ள நிண்டு கூப்பிடுது. நீங்க இன்னும் மூண்டு தரம் இங்க வரவேணும்."

என் மனைவி காய்ச்சலில் போனவள். கடலுக்குப் போனால் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டாள்.

அன்றிலிருந்து டெனிஷா நீச்சல் குளத்தருகே பாயும் மேடையில் ஏறுவாள், இறங்குவாள். பாயமாட்டாள். பத்து வயது.

பயிற்சியாளர் ருஷ்தாவிடம் சொன்னேன். "அடுத்த தரம் நானும் வாறன்" என்றார். வந்தார், சொந்தக் கிண்ணத்தோடும் கடைக் கற்பூரத்தோடும். எல்லோருக்கும் முன்னால் தண்ணீரை ஊற்றித் தூளைத் தூவினார். கிண்ணத்தை ஒருவரும் தொடவில்லை. தூள் ஓடியது.

"சாமி, இது யாருட பயம்?"

சுவாமி இருமினார்.

"டெனிஷா, சாமிட தலைய ஒருக்காத் தொட்டுட்டு தண்ணில விரல வை."

"ஏய், தொடாத!" அவர் எழும்புவதற்குள் தொட்டுவிட்டாள். விரலில் நல்லெண்ணெய். தண்ணீரில் வைத்தாள். தூள் அப்படியே நின்றது.

"டடி, எண்ணெய்தான்! அம்மா இல்ல!"

படியில் நின்ற ஒரு தாய் கேட்டாள்: "அப்ப, கட்டின நூல வெச்சிருக்கிறதா, கழட்டுறதா?"

போட்டியில் டெனிஷா பாய்ந்தாள். ஆறாவதாக வந்தாள்.

"படபடப்பா இருந்துதா?" என்றேன்.

"ஓம் டடி, நல்லா. ஆனா நீந்தேலும்."

பெற்றோரே, பந்தயத்துக்கு முன் பிள்ளையின் நெஞ்சு அடித்துக்கொண்டால் அது பேயுமில்லை, தோஷமுமில்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறது. அடிக்காமல் நின்ற நெஞ்சை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு எந்தச் சுவாமியிடமும் நூல் இல்லை. மாடிப்படி ஏறும் முன் கொஞ்சம் யோசியுங்கள். அதற்கு வரிசையில் நிற்கத் தேவையில்லை.