தெருவுக்கே கரண்ட் கொடுத்த பிரபாகர்

சென்னையில் தெருவுக்கு ஒருவர் வீதம் காணப்படும் ஓர் இனம் உண்டு: கரண்ட் தெரிந்தவர். இவர் எலெக்ட்ரீஷியன் அல்ல, எலெக்ட்ரீஷியன் வேலை செய்யும்போது பின்னால் நின்றுகொண்டு “அந்த ஒயர் எதுக்கு?” என்று கேட்பவர். பேனா இருக்க வேண்டிய சட்டைப்பையில் டெஸ்டர் இருக்கும். உங்கள் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தால்கூட, காப்பி வருவதற்குள் ஹாலில் இருக்கும் நாலு சுவிட்சுகளையும் தட்டிப் பார்த்து, பிளக்கை ஆட்டிப் பார்த்து, சுவரில் காதை வைத்துக் கேட்டு, “எர்த் சரியில்லையே” என்பார். எப்படித் தெரிந்தது? கேட்காதீர்கள். கேட்டால் காப்பி ஆறிவிடும்.

கோபாலபுரம் பிரபாகர் இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்றவர். கூட்டுறவுத் துறையில் முப்பத்திரண்டு வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர்தான். ஆனால் ஃபேஸ், நியூட்ரல் என்று அவர் சொல்லும்போது சொந்த மச்சினர்களைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கும். போன மழைக்காலத்தில் ஒரு ஜெனரேட்டர் வாங்கினார். கூடவே ஒரு திட்டமும் தீட்டினார்.

அவர் வீட்டு மாடிக்கென்று தனியாக, அறைகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன டிபி பாக்ஸ். அதில் ஒரு பிரேக்கர் சும்மா இருந்தது. பிரேக்கர் வழியாக வழக்கமாகக் கரண்ட் பாக்ஸிலிருந்து அறைகளுக்குத்தான் போகும். பிரபாகரின் திட்டம், ஜெனரேட்டர் ஒயரை அந்த பிரேக்கரில் மாட்டி, கரண்டைத் தலைகீழாக பாக்ஸுக்குள்ளே ஏற்றி, மாடியையும் அதன் வழியாகக் கீழ் வீட்டையும் ஓட்டுவது. எலெக்ட்ரீஷியன் வலியுல்லாவை வரவழைத்துச் சொன்னார்.

“பண்ணலாம் சார்” என்றார் வலியுல்லா. “ஆனா வீட்டு மெயின் ஆஃப்ல இருந்தாத்தான் ஜெனரேட்டர் பிரேக்கர் ஆன் ஆகணும். ரெண்டும் ஒண்ணா ஆன் ஆகவே முடியாதபடி ஒரு லாக் வேணும். இல்லன்னா சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டுடலாம். நாளைக்கு மதியம் எடுத்துட்டு வரேன்.”

“லாக் எதுக்கு? நான் கவனமா இருப்பேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க.”

“இல்ல, கேக்கறேன். கரண்டே இல்லாதப்ப மெயின் ஆன்ல இருந்தா என்ன, ஆஃப்ல இருந்தா என்ன?”

“ஈபி கரண்ட் வர்ற வழியிலயே ஜெனரேட்டர் கரண்ட் தெருவுக்குத் திரும்பிப் போகும் சார். வெளிய லைன்ல யாராவது கை வெச்சிருப்பாங்க.”

பிரபாகர் சிரித்தார். அன்று மாலையே அவர் கையாலேயே ஒயரை மாட்டிவிட்டார். லாக் மட்டும் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு நல்ல மழை. தெருவில் கரண்ட் போனது. இந்தக் கணத்துக்காகவே பிறந்தவர்போல் பிரபாகர் மாடிக்கு ஓடி, ஜெனரேட்டரைக் கிளப்பி, பிரேக்கரைத் தூக்கிவிட்டார். மெயினைத் தொடவில்லை.

எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு மினுமினுத்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஒரு முனகு முனகியது. “கரண்ட் வந்துடுச்சு” என்று யாரோ சொல்லி முடிப்பதற்குள் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு நின்றுவிட்டது, தெருவும் அணைந்தது. பாவம், ஒரு வீட்டுக்கு வாங்கிய ஜெனரேட்டர் தெருவையே இழுக்குமா? பிரபாகர் மறுபடி கிளப்பினார். மறுபடி மூன்று விநாடி வெளிச்சம்; மறுபடி இருமல்.

அவர் மனைவி ஜலஜா கீழேயிருந்து கேட்டார். “ஏங்க, நம்ம ஜெனரேட்டர் போட்டா எதிர்வீட்டு ஃபேன் ஏன் சுத்துது?”

“ஈபிகாரன் விட்டு விட்டுக் குடுக்கறான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

மூன்றாவது தடவை கிளப்பிய சிறிது நேரத்தில் கேட்டைத் திறந்துகொண்டு மழைக்கோட்டோடு ஒருவர் வந்தார். லைன்மேன் பொன்னுரங்கம். கையில் ஒயரில் தொங்கும் ஒரு குண்டு பல்பு.

“ஜெனரேட்டர் உங்க வூட்லதான் ஓடிக்கினு கீதா சார்?”

“ஆமா. ஏன்?”

“தெருமுனைப் பொட்டில ஃபியூஸெல்லாம் கழட்டிட்டு வேலை செஞ்சிக்கினு கீறேன். கரண்டே இல்லாத பொட்டில இந்த லேம்ப் எரியுது. உங்க மிஷின் சத்தம் வந்தா எரியுது, சத்தம் நின்னா அணையுது. அதான் சத்தத்தைப் புடிச்சிக்கினே வந்தேன்.”

“அங்க எப்படி வரும்...”

“உங்க மெயின் ஆன்ல கீதா?”

பிரபாகர் திரும்பி மெயின் சுவிட்சைப் பார்த்தார். ஆன்.

“லேம்ப் வெச்சிப் பாக்காம கை வெச்சிருந்தேன்னா, சாயங்காலம் நீங்க எனக்கு மாலை வாங்கினு வந்திருப்பீங்க சார்.”

பொன்னுரங்கம் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் பிரபாகரும் உயர்த்தி, விதி எண்ணெல்லாம் சொல்லித் தப்பித்திருப்பார். இப்போது அவரால் முடிந்தது, அந்த மனிதரின் விரல்களில் சொட்டும் மழைத்தண்ணீரைப் பார்ப்பது மட்டும்தான். போய் மெயினை அணைத்தார். ஜெனரேட்டர் ஒயரையும் கழற்றிப் போட்டார். குடையை எடுத்துக்கொண்டு பொன்னுரங்கத்தின் பின்னாலேயே தெருமுனைக்குப் போய், வேலை முடியும்வரை அவர் தலைக்கும் பெட்டிக்கும் சேர்த்துக் குடை பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார். எலெக்ட்ரிக் வேலை நடக்கும் இடத்தில் பிரபாகர் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் இருந்தது அதுவே முதல் தடவை.

மதியம் சொன்னபடி வலியுல்லா வந்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டார். ஒரே கைப்பிடி. மேலே தள்ளினால் ஈபி, கீழே தள்ளினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒன்றாக எந்தக் காலத்திலும் சேராது. பிரபாகர் “தேங்க்ஸ் வலியுல்லா” என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. ஜலஜா பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மூன்றாம் நாள் குணமாகிவிட்டது. இப்போது கூரியர்காரர், பூக்காரம்மா, தண்ணீர் கேன் போடுபவர் எல்லோருக்கும் அந்தக் கைப்பிடியின் தத்துவம் தெரியும். போன வாரம் வேறு வேலையாக வந்த வலியுல்லாவைப் பிடித்து உட்கார வைத்து, லாக் இல்லாமல் இருந்தால் என்ன ஆபத்து என்று இருபது நிமிடம் விளக்கினாராம். “கரெக்ட் சார்” என்றாராம் வலியுல்லா.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு சந்தேகம். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, ‘ஜெனரேட்டர் எத்தனை கிலோவாட் என்று இவன் சொல்லவே இல்லையே, நியூட்ரலை என்ன செய்தார்கள், வலியுல்லா போட்டது டூ போலா ஃபோர் போலா’ என்று உங்களுக்குள் ஏதாவது ஓடியதா? ஓடியிருந்தால், அன்பரே, இருந்த இடத்திலேயே இருங்கள். எதையும் தொடாதீர்கள்.